திரும்பும் வழியே நடையின் அளவு: கடலோரத்திலும் மரநிழலிலும் எளிய நடைவழிகள்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் நோயாளரும் குடும்பத்தாரும் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் தவறாமல் இடம்பெறுவது, "இனி வெளியே நடந்து செல்லலாமா?" என்பதாகும். பெரும்பாலோர்க்கு எங்கள் விடை, "நடக்கலாம்; நடக்கவும் வேண்டும்" என்பதே. ஆயினும் அவ்விடையைப் பெற்றுச் செல்வோரில் இருசாரார் இடர்ப்படுகின்றனர். ஒரு சாரார் அச்சத்தால் கட்டிலை விட்டே இறங்குவதில்லை. குடும்பத்தாரும் அன்பின் மிகுதியால் அவர்களை இறங்கவிடுவதில்லை. மற்றொரு சாரார் பழைய வலிமை மீண்டுவிட்டதாக எண்ணி முதல் வாரத்திலேயே நெடுந்தொலைவு சென்று, திரும்பி வர இயலாமல் வழியில் அமர்ந்துவிடுகின்றனர். இவ்விரு சாராரையும் மனத்திற்கொண்டே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

எடுத்துக்காட்டாகச் சென்னையின் கடலோரத்தையும் அதற்கு அண்மையிலுள்ள மரச்செறிவுகளையும் கொள்கின்றோம். சமதளமான கடற்கரை நடைபாதையும் நிழல் தரும் காட்டுப்பகுதியும் ஒரே நகரில், சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பது உடல்நலம் தேறுவோர்க்குப் பெரும் வாய்ப்பாகும். எனினும் கீழ்க்கண்ட வழிகளில் எதையும் தொடங்குமுன் உங்கள் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுவது இன்றியமையாதது.

படுக்கை ஓய்வின் விலை

ஓய்வு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவுகடந்த ஓய்வுக்கு ஒரு விலை உண்டு. நோயற்ற முதியோரைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து நடத்திய ஓர் ஆய்வில், அவர்களின் கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைந்த அளவு தசை குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. நோயற்றவர்க்கே இந்நிலையென்றால், அறுவை சிகிச்சையோ நெடுநாள் காய்ச்சலோ கடந்து வந்தவர்க்கு இழப்பு இன்னும் கூடுதலாக இருக்கக்கூடும். வீடு திரும்பியபின் எழும்போது தள்ளாடுவதற்கும், குளியலறையில் தடுக்கி விழுவதற்கும் நோயைப் போலவே இத்தசை இழப்பும் காரணமாகின்றது.

பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகின்றது. நாட்பட்ட நோயுடையோர்க்கும் அவ்வழிகாட்டுதல் பொருந்தும். ஆனால் அவரவர் இயன்ற அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே 150 நிமிடங்கள் என்பது நாம் சென்று சேர வேண்டிய இடம். தொடங்கும் இடம் அன்று.

தாழ்வாரத்தில் அளந்த எண்

இதயம் அல்லது நுரையீரல் நோயுடையோர் பலர்க்கு மருத்துவமனையில் ஆறு நிமிட நடைச் சோதனை செய்யப்படுகின்றது. பொதுவாக 30 மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரத்தில், ஆறு நிமிடங்களில் தம்மால் இயன்ற அளவு தொலைவை நோயாளர் நடக்கின்றார். களைத்தால் நிற்கலாம், பின் தொடரலாம். முடிவில் கிடைக்கும் மீட்டர் கணக்கு மருத்துவரின் கோப்பில் பதிவாகின்றது. அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் நடைக்கு நல்லதோர் அளவுகோல்.

ஒருவர் ஆறு நிமிடங்களில் 300 மீட்டர் நடந்தார் எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 50 மீட்டர் ஆகின்றது. ஆனால் அது குளிர்ந்த, சமமான, கைப்பிடி பொருத்திய தாழ்வாரத்தில், அருகில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில், தம் முழு முயற்சியால் எட்டிய வேகம். கடற்கரையில் வெயிலும் காற்றும் கூட்டமும் உண்டு. எனவே நாள்தோறும் நடக்கும் வேகம் அதனினும் குறைவாக இருத்தல் நலம்.

இச்சோதனை செய்யப்படாதோர் பேச்சையே அளவுகோலாகக் கொள்ளலாம். நடக்கும்போது முழுச் சொற்றொடர்களாகப் பேச இயலுமானால் வேகம் சரியானது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நேர்ந்தால் வேகம் மிகுதி, உடனே தளர்த்துக. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளை உட்கொள்வோர்க்கு நாடித்துடிப்பைக் கொண்டு உழைப்பின் அளவைக் கணிப்பது தவறான முடிவைத் தரும். அவர்களுக்குப் பேச்சளவே நம்பத்தக்கது.

போவதற்கு இரண்டு பங்கு, வருவதற்கு மூன்று பங்கு

இப்பாடத்தின் நடுநாயகமான கருத்து இதுவே. நடையின் அளவை நிர்ணயிப்பது எவ்வளவு தொலைவு சென்றோம் என்பதன்று. எவ்வளவு தொலைவிலிருந்து நலமாகத் திரும்ப இயலும் என்பதே. புறப்படுகையில் உடல் புத்துணர்வோடு இருக்கும், வெயில் ஏறியிராது, கண்முன் காட்சிகள் விரியும். திரும்புகையிலோ கால்கள் களைத்திருக்கும், வெயில் கூடியிருக்கும், காலையில் உட்கொண்ட மாத்திரை தன் வேலையைத் தொடங்கியிருக்கும். களைப்பு தோன்றும்வரை முன்னோக்கி நடப்பவர், அக்களைப்போடு அதே தொலைவைத் திரும்பவும் கடக்க வேண்டியவராகின்றார்.

ஆகவே மருத்துவர் ஒப்பிய நேரத்தை ஐந்து பங்காகப் பகுத்துக்கொள்ளுமாறு கூறுகின்றோம். இரண்டு பங்கு செல்வதற்கு. மூன்று பங்கு திரும்புவதற்கு. 20 நிமிடங்கள் நடக்க ஒப்புதல் பெற்றவர் 8 நிமிடங்கள் சென்றதும், எவ்வளவு தெம்பாக உணர்ந்தாலும் திரும்பிவிட வேண்டும். திரும்புமுன் சிறிது நேரம் அமரலாம். அமர்ந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. எஞ்சிய 12 நிமிடங்களில் மெதுவாக வந்து சேரலாம். தொடர்ந்து மூன்று நாள்கள் களைப்பின்றித் திரும்பியபின் மொத்த நேரத்தில் இரண்டு நிமிடங்களைக் கூட்டிக்கொள்க. ஒருநாள் களைப்பு மிகுந்தால் மறுநாள் பழைய அளவுக்கே திரும்புக. அது பின்னடைவு ஆகாது.

மெரினா: சமதளத்தின் நன்மை

தொடக்க நிலையினர்க்கு மெரினா நடைபாதையை முதலில் பரிந்துரைக்கின்றோம். 1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய கிராண்ட் டஃப் காலத்தில் உருவாக்கப்பட்ட உலாவிடம் இது. ஏற்ற இறக்கமில்லாத தளம், அருகிலேயே சாலை, எவ்விடத்தில் களைத்தாலும் வண்டியை அழைத்துக்கொள்ளும் வசதி ஆகியவை இதன் சிறப்புகள்.

மீட்டர் கணக்கு மனத்தில் நில்லாதோர் அடையாளங்களை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். வடக்கிலிருந்து தெற்காக வருகையில், சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை, மாநிலக் கல்லூரி, கண்ணகி சிலை, விவேகானந்தர் இல்லம், கலங்கரை விளக்கம் என அவை வரிசையாக அமைந்துள்ளன. முதல் வாரத்தில் இவற்றுள் ஓர் அடையாளத்தின் அருகே இறங்கிச் சில நிமிடங்கள் நடந்து அங்கேயே திரும்பினால் போதும். அடுத்த அடையாளம்வரை செல்வது வாரங்கள் கழித்து எட்ட வேண்டிய இலக்கு. மெட்ரோ ரயில் பணிகளால் சில இடங்களில் பாதை மாறியிருக்கலாம். உடன் வருவோர் முன்னதாக ஒருமுறை சென்று பார்த்துவருதல் நன்று.

விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே, மாற்றுத்திறனாளிகள் மணற்பரப்பைக் கடந்து கடலருகே செல்வதற்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே வீசிய மாண்டஸ் புயலில் அது சேதமுற்றுப் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலுடனும் வருவோர்க்கு இது அரிய வாய்ப்பு. நெடுநாள் நான்கு சுவர்களுக்குள் கிடந்தவர் அலையை அருகிலிருந்து காண்பதற்கு எடுத்துக்கொள்ளும் முயற்சி வீண்போவதில்லை.

பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர்க்கு ஓர் எச்சரிக்கை. பிளக்கப்பட்ட மார்பெலும்பு நன்கு இணைவதற்கு 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை தாழ்வான திண்டுகளில் அமர்வதைத் தவிர்க்கவும். எழும்போது கைகளை ஊன்றி உந்த நேரிடும். உடன் இருப்போரும் அவரைக் கைகளைப் பற்றி இழுத்துத் தூக்கலாகாது. உயரமான இருக்கையில் அமர்ந்து, கால்களின் வலிமையால் எழுவதே முறை. தண்ணீர்ப் பையையும் பிறரே சுமக்கட்டும்.

பெசன்ட் நகர்: மணலின் வரி

பெசன்ட் நகரிலுள்ள எலியட்ஸ் கடற்கரை, மெரினாவைக் காட்டிலும் சிறியது. அங்கும் சாலையோர நடைபாதையே நமக்குரியது, மணற்பரப்பு அன்று. உலர்ந்த மென்மணலில் நடப்பதற்குக் கெட்டியான தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் செலவாகின்றது. பார்வைக்கு நூறு அடி தொலைவாகத் தோன்றும் நீர்விளிம்பு, இதயத்தின் கணக்கில் இருநூறு அடிக்கும் மேலாகும். திரும்பி வருகையில் அதே வரியை மீண்டும் செலுத்த வேண்டும்.

அக்கடற்கரையில் நிற்கும் வெண்ணிற வளைவு மண்டபம், 1930-இல் கடலில் சிக்கிய ஒருவரைக் காக்கச் சென்று உயிர்நீத்த டென்மார்க் நாட்டவரான கார்ல் ஷ்மிட்டின் நினைவாக எழுப்பப்பட்டது. இக்கடலின் இழுப்பு வலிமையானது என்பதை அந்நினைவுச் சின்னம் இன்றும் உணர்த்துகின்றது. கால் நனைக்கும் ஆசை இயல்பானதே. ஆயினும் நடையில் தள்ளாட்டம் உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் அலைக்குள் இறங்கலாகாது. சிறு வீழ்ச்சியும் அவர்களுக்குப் பெரும் இரத்தக்கசிவாக மாறலாம்.

நீரிழிவு நோயாளர் வெறுங்காலோடு மணலில் நடப்பதை அறவே தவிர்க்க வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதத்திற்குச் சுடுமணலின் வெப்பமும் தெரியாது. கிளிஞ்சலின் வெட்டும் தெரியாது. வீடு திரும்பியதும் உடன் இருப்பவர் பாதங்களின் அடிப்புறத்தையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது அன்றைய நடையின் இறுதிப் பகுதியாகும்.

மரநிழல்: அடையாறு, கிண்டி, வண்டலூர்

சமதளத்தில் 20 நிமிடங்கள் நடந்து களைப்பின்றித் திரும்ப இயன்றபின் மரநிழல் வழிகளுக்குச் செல்லலாம். அடையாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் பிரம்மஞான சபையின் பரந்த தோட்டம் உள்ளது. 1882 முதல் அச்சபையின் தலைமையிடம் இங்குதான் இயங்கிவருகின்றது. இங்குள்ள பழம்பெரும் ஆலமரத்தின் நடு அடிமரம் 1989-இல் வீசிய புயலில் சாய்ந்தது. ஆயினும் அதன் விழுதுகள் தாமே அடிமரங்களாகி மரத்தை இன்றும் தாங்கி நிற்கின்றன. பார்வையாளர்க்கு நேர வரையறை உண்டாதலால் கேட்டறிந்து செல்க.

கிண்டி தேசியப் பூங்கா 1978-இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட இக்காடு, இந்தியாவின் மிகச்சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. வெளிமானும் புள்ளிமானும் இங்கு வாழ்கின்றன. அதன் விளிம்பிலுள்ள சிறுவர் பூங்காவே பொதுமக்கள் உலாவுவதற்கு உரியது. பேரக்குழந்தைகளோடு வரும் முதியோர்க்கு இது பொருத்தமான இடம்.

வண்டலூரிலுள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, காப்புக்காட்டை ஒட்டி 600 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைந்தது. முழுவதையும் நடந்து பார்ப்பது நலமுள்ளோர்க்கே கடினம். ஆனால் அங்கு பேட்டரி வண்டி இருப்பதால், சிறிது தொலைவு நடந்து, எஞ்சியதை வண்டியில் சுற்றிவரலாம். திரும்பும் வலிமை குறித்து ஐயமுடையோர்க்கு இது நல்ல ஏற்பாடு. விடுமுறை நாளையும் வண்டி வசதியையும் முன்னரே உறுதிசெய்துகொள்க.

மரநிழலில் வெயிலின் தாக்கம் குறைவு. ஆனால் வேறு கவனங்கள் தேவை. பளிச்சிடும் வெயிலிலிருந்து அடர்நிழலுக்குள் நுழைகையில் முதியோரின் கண்கள், சிறப்பாகக் கண்புரை உள்ளோரின் கண்கள், பழகிக்கொள்ளச் சற்று நேரமாகும். அந்நேரத்தில்தான் வேரில் தடுக்கி விழுதல் நேரிடுகின்றது. நுழைவிடத்திலேயே ஒரு நிமிடம் நின்று, பார்வை தெளிந்தபின் அடியெடுத்து வைக்கவும். சருகு மூடிய தடத்தில் நடவாமல் போடப்பட்ட பாதையிலேயே செல்லவும். மழைக்கு மறுநாள் செல்ல வேண்டா. குரங்குகள் உள்ள இடங்களில் உணவுப் பொட்டலங்களைக் கையில் ஏந்திச் செல்லலாகாது.

நேரமும் உணவும்

கோடைக் காலத்தில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துக்கொள்வது நலம். கடற்காற்று வீசத் தொடங்குவது பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே ஆதலால், காலை எட்டு ஒன்பது மணிக்குக் கடற்கரையிலும் புழுக்கம் மிகுந்திருக்கும். மாலையில் வருவோர் வெயில் தாழ்ந்தபின் வருக. விடுமுறை நாள் மாலைகளில் கூட்ட நெரிசல் மிகுதி. உணவு உண்ட உடனே நடக்கலாகாது. ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

கடற்கரையில் முதலில் கண்ணில் படுவது இளநீர். பெரும்பாலோர்க்கு அது நல்ல பானமே. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயுடையோரும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில இதய மருந்துகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது. நாள் முழுதும் இவ்வளவு நீரே அருந்த வேண்டும் என வரையறுக்கப்பட்டோர், நடையின்போது அருந்தும் நீரையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். சுண்டலில் உப்பையும், பஜ்ஜியில் எண்ணெயையும் நினைவிற்கொள்க.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்வோர் பையில் சர்க்கரையோ குளுக்கோஸ் தூளோ இருத்தல் கட்டாயம். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் தோன்றினால் நடையை நிறுத்திப் பதினைந்து கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, உட்கொண்டு அமர்க. பதினைந்து நிமிடங்களில் சீராகாவிடில் மீண்டும் அதே அளவு உட்கொள்க.

உடன் நடப்போர்க்கு

நோயாளரின் நலம் பெரும்பாலும் உடன் நடப்பவரின் பொறுமையில் அடங்கியிருக்கின்றது. முன்னே நடந்து அவரை விரைவுபடுத்தாதீர்கள். அவர் வேகமே உங்கள் வேகமாகட்டும். பக்கவாதத்திலிருந்து தேறுவோர்க்கு, அவரது வலிமை குன்றிய பக்கத்தில், அரை அடி பின்தள்ளி நடப்பது முறை. அவர் கையை நீங்கள் பற்றுவதைவிட, உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளட்டும்; தடுமாறுகையில் அதுவே அவருக்கு உறுதியான பிடி.

"இன்னும் கொஞ்சம் நடக்கலாமா?" என அடிக்கடி கேட்டால், உங்கள் மனம் நோகக்கூடாதென்றே சிலர் இசைந்துவிடுவர். மாறாக, "போதும், உட்காருங்கள்" என ஒவ்வோர் அடிக்கும் தடுத்தால் அவர் தம் உடலின் மேலேயே நம்பிக்கை இழப்பார். இரண்டையும் விடுத்து இயல்பாகப் பேசிக்கொண்டே நடவுங்கள். அவர் பேச்சு சீராக இருக்கின்றதா எனக் கேட்பதே நீங்கள் செய்யும் பரிசோதனை. இந்நடை உங்களுக்கும் உரியது. மாதக்கணக்கில் நோயாளரின் அருகே அமர்ந்திருந்தோரின் முதுகும் முழங்காலும் உறக்கமும் கூடக் கவனிப்பை வேண்டி நிற்கின்றன.

நடக்கலாகாத நாளும் நிறுத்த வேண்டிய தருணமும்

காய்ச்சல், ஓய்விலிருக்கையிலேயே மார்புவலி, புதிதாகத் தோன்றிய மூச்சுத்திணறல், கசியும் அறுவைப் புண் ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் அன்று நடக்க வேண்டா. இதயச் செயலிழப்பு உடையோர்க்கு மூன்று நாள்களில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடினால் அது உடலில் நீர் தேங்குவதன் அறிகுறியாகலாம், மருத்துவருக்குத் தெரிவிக்கவும்.

நடக்கையில் மார்பில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை தோன்றினால் அங்கேயே அமருங்கள். "வண்டி வரை போய்விடலாம்" என முயலலாகாது. நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால், அமர்ந்தபின் அதை வைத்துக்கொண்டு, 108 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். ஒரு கை அல்லது கால் திடீரென வலுவிழந்தாலும், வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும் அவ்வாறே உடன் அழைக்க வேண்டும்.

இம்மாதப் பயிற்சி

வெளியூர் அன்பர்களுக்கும் இப்பாடம் பொருந்தும். உங்கள் ஊரின் குளக்கரையோ, பள்ளி விளையாட்டுத் திடலோ, கோயில் வெளிப்பிரகாரமோ போதுமானது. அமர இருக்கை, நிழல், கழிப்பறை, வண்டி வரும் வழி, கைப்பேசித் தொடர்பு ஆகிய ஐந்தும் உள்ளனவா என உடன் வருவோர் முன்னதாகப் பார்த்துவரட்டும்.

ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், செல்கையில் ஆன நிமிடம், திரும்புகையில் ஆன நிமிடம், வீடு சேர்ந்தபின் உடல் இருந்த நிலை என நான்கு பத்திகள் வரைந்து நாள்தோறும் நிரப்புங்கள். வீடு சேர்ந்து அரை மணி நேரத்திற்குள் களைப்பு நீங்கியிருந்தால் அன்றைய அளவு சரியானது. மறுநாள் காலைவரை நீடித்தால் அளவு மிகுந்துவிட்டது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வருகையில் மருந்துச் சீட்டோடு அக்குறிப்பேட்டையும் எடுத்துவாருங்கள். அதைப் பார்த்தே உங்கள் அடுத்த மாதத்து நடையின் அளவை நாம் சேர்ந்து வகுத்துக்கொள்வோம்.